வரதராஜுலு பேரில் ஆடியவன்

நாற்பத்தெட்டு வயதில் நாகப்பனுக்கு உடம்பில் வலிக்காத இடம் என்று பார்த்தால் காது ஒன்றுதான். மற்றதையெல்லாம் வாலிபால் எடுத்துக்கொண்டுவிட்டது. வலது முழங்கால் மழை வருவதற்கு இரண்டு நாள் முன்னாலேயே குடைய ஆரம்பிக்கும். இடது கை நடுவிரல் எப்போதோ ஒடிந்து, ஒழுங்காகக் கட்டுப்போடாமல் விட்டதில், பக்கத்து விரலின் மேல் சாய்ந்தபடியே நின்றுவிட்டது. அந்தக் கையில் டீ கிளாஸைப் பிடித்தால் பாதி டீ சட்டையில்தான்.

ஆனாலும் தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு, தண்டலம் பக்கத்துப் பம்பு கம்பெனியின் கான்டீனுக்குப் பின்னால், சவுக்குக் கம்பத்தில் கட்டிய நெட்டுக்கு முன்னால் வந்து நின்றுவிடுவான். முதல் ஷிஃப்ட் முடித்தவர்கள் அலுப்போடு வருவார்கள். அவர்களை விரட்டி விரட்டி ஓட வைப்பான். போன வருஷம் கம்பெனி லீக்கில் பம்பு கம்பெனி செமி ஃபைனல் வரை போனதென்றால் அது நாகப்பன் தொண்டை கட்டிப்போகக் கத்தியதால்தான். ஆனால் கம்பெனி ரெஜிஸ்தரில் அவன் கோச் கிடையாது. தோட்டக் கூலி. அதுவும் தற்காலிகம். நாள் கணக்கு முற்றி, அவன் நிரந்தரம் கேட்டு வாய் திறப்பதற்குள் ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்பி, பிறகு புது ஆளைப் போலச் சேர்த்துக்கொள்வார்கள். இப்படியே ஐந்து வருஷம்.

எண்பத்து நாலாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, பர்சனல் ஆபீஸிலிருந்து தேவநாதன் கூப்பிட்டு அனுப்பினார். காஞ்சிபுரத்திலிருந்து தினம் பஸ்ஸில் வந்து போகிற கிளார்க். வேலைக்கு ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் அவர் டைப் மெஷின் வழியாகத்தான் நடக்கும்.

“ஒக்காருங்க நாகப்பன்,” என்றார்.

ஐந்து வருஷத்தில் அவர் நாகப்பனை உட்காரச் சொன்னதே இல்லை. சீட்டுக் கிழித்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டுதான் நாகப்பன் உட்கார்ந்தான்.

“ஹெட் ஆபீஸ்லேர்ந்து லெட்டர் வந்திருக்கு. ஸ்போர்ட்ஸ் கோச்சுன்னு ஒரு போஸ்ட். பர்மனென்ட். மேனேஜர் உங்களத்தான் போடணும்னு சொல்லிட்டார். வயசுக்குக்கூட விலக்கு வாங்கியாச்சு.”

இருபத்தெட்டு வருஷமாகக் காதில் விழாதா என்று காத்திருந்த சொல்லை, கான்டீனில் டீ சொல்வதுபோல ஒருத்தர் சொல்லிவிட்டால் என்னத்தைப் பேசுவது.

“ஒரே ஒரு பேப்பர் வேணும். ஜில்லா அளவுல ஃபைனல் ஆடினதுக்கு சர்டிபிகேட். ஒண்ணு இருந்தா போதும். வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுத்துடுங்க. இல்லேன்னா போஸ்ட்டுக்குப் பேப்பர்ல விளம்பரம் போட்டுடுவாங்க. அப்புறம் டிகிரி வெச்சிருக்கறவன் வந்து ஒக்காந்துடுவான்.”

“பதினோரு ஃபைனல் ஆடிகீறேன் சார்.”

“அப்புறம் என்ன? நல்லதா பாத்து ஒண்ணு கொண்டாங்க.”

“ஒண்ணுகூட எம்பேர்ல இல்ல சார்.”

தேவநாதன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

கம்பெனி லீக்கில் அந்தக் காலத்திலேயே ஒரு விதி உண்டு. மஸ்டர் ரோலில், அதாவது கம்பெனியின் ஆள் கணக்கு ஏட்டில், பெயர் உள்ள பர்மனென்ட் தொழிலாளிதான் ஆடலாம். விதி போட்டவர்களுக்கு, உழைக்கிறவன் கொஞ்சம் விளையாடட்டும் என்று நல்ல எண்ணம். கம்பெனிகளுக்கோ, கோப்பை நம் ஆபீஸ் அலமாரிக்கு வரட்டும் என்று அதைவிட நல்ல எண்ணம். இந்த இரண்டு நல்ல எண்ணங்களுக்கும் நடுவில் புகுந்து பிழைத்தவன் நாகப்பன். அவன் லிஃப்டர். அதாவது, வருகிற பந்தை விரல் நுனியில் வாங்கி, ஓடிவந்து அடிக்கிறவனுக்கு வாகாக மேலே தூக்கிக் கொடுக்கிறவன். அடிக்கிறவனைத்தான் ஊர் பார்க்கும். தூக்கிக் கொடுத்தவன் யார் என்று ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். திருட்டு ஆளாக இறக்குவதற்கு இதைவிடத் தோதான இடம் கிடையாது.

சீசன் ஆரம்பிக்கும்போது ஏதாவது ஒரு கம்பெனியின் ஸ்போர்ட்ஸ் செக்ரடரி பிள்ளைப்பாக்கத்துக்கு ஆள் விடுவார். நாகப்பன் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவான். மேட்ச் அன்றைக்கு அந்தக் கம்பெனியின் பர்மனென்ட் தொழிலாளி ஒருத்தரின் அடையாளப் பித்தளை டோக்கனை வாங்கி அவன் கையில் கொடுப்பார்கள். டோக்கனோடு பெயரும் வந்துவிடும். ஆட்டத்துக்கு முன்னால் அம்பயர் லிஸ்ட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார். கூப்பிட்ட உடனே கையைத் தூக்க வேண்டும். முதல் தடவை பெரம்பூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு ஆடியபோது, “பாண்டுரங்கன்” என்று இரண்டு தரம் கூப்பிட்டும் எவனையோ கூப்பிடுகிறார்கள் என்று நாகப்பன் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். முதுகில் விழுந்த குத்தில்தான் புத்தி வந்தது. அதற்கப்புறம் எந்தப் பெயர் கொடுத்தாலும் பஸ்ஸில் போகும்போதே வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொள்வான். அந்தந்த ஆளின் கையெழுத்தைக்கூடப் போட்டுப் பார்த்துக்கொள்வான்.

கோப்பை வந்தால் உன் பெயர் மஸ்டரில் ஏறும் என்பார்கள். கோப்பை வரும். கேட்டில் ரோஜாப்பூ மாலை போட்டு அனுப்பிவைப்பார்கள். மூன்றாவது கம்பெனிக்கு அப்புறம் அவன் அதைக் கேட்பதை விட்டுவிட்டான். நாலாவது கம்பெனியில் அவர்களும் சொல்வதை விட்டுவிட்டார்கள். ஏழு கம்பெனி, ஏழு பெயர். சர்டிபிகேட்டுகள் எல்லாம் பெயருக்குச் சொந்தக்காரர்களின் வீட்டுக்குப் போயின. நாகப்பன் வீட்டுக்கு வந்தது முழங்கால் வலி.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தேவநாதன், “நீங்க சொன்னது எதுவும் என் காதுல விழல,” என்றார். பிறகு கதவுப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஆனா ஒண்ணு. ஊர்ல எல்லாருக்கும் ரெண்டு பேர் உண்டு. வீட்ல கூப்பிடறது ஒண்ணு, ஸ்கூல்ல போட்டது ஒண்ணு. ‘இன்னார் என்கிற நாகப்பன், ரெண்டு பேரும் ஒருத்தரே’ன்னு நோட்டரிகிட்ட ஒரு அஃபிடவிட் வாங்கிடலாம். அதுக்கு ஒரிஜினல் சர்டிபிகேட் வேணும். காப்பி உதவாது.”

வீட்டில் மனைவி கன்னியம்மா வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் அடுப்பு எரிந்ததென்றால் அது அவளாலும் அவள் கொண்டுவந்த முக்கால் ஏக்கர் நிலத்தாலும்தான். அதை நாகப்பன் ஒருநாளும் மறுத்ததில்லை.

“இன்னாய்யா சொல்ற? அவ்ளோ கோப்ப தூக்கினு வந்து போட்டோ புடிச்சியே, அதுல ஒண்ணுகூட ஒத்துக்க மாட்டாங்களா?”

“போட்டோல மூஞ்சிதான் என்னுது. கீழ போட்டுகீற பேரு வேற.”

அவள் கடலைத் தோலை முறத்திலிருந்து ஊதித் தள்ளினாள். “சரி, யாரு பேருல கீது? அந்த ஆளுங்களப் போயி கேக்கறது.”

கேட்கத்தான் வேண்டும். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அலைந்தான். பாண்டுரங்கன் இறந்துபோய் ஆறு வருஷம். அண்ணாதுரை மகனோடு வடக்கே எங்கேயோ போய்விட்டார். கோதண்டத்தின் வீட்டில் எல்லாக் காகிதத்தையும் கரையான் தின்றுவிட்டது. இன்னும் மூன்று பேர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. மிச்சம் படப்பை வரதராஜுலு.

வரதராஜுலு விஷயத்தில் நாகப்பனுக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. மற்ற ஆறு பேரும் சர்டிபிகேட்டை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டுச் சும்மா இருந்தார்கள். இவர் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார் என்று கேள்வி. போதாததற்கு, கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அந்த ஃபைனலைப் பற்றிப் பேசுகிறாராம். தாம்பரம் பஸ் கண்டக்டர் ஒருத்தன் நாகப்பனிடமே சொன்னான், “படப்பைல ஒரு பெரிய லிஃப்டர் கீறாரு, தெரியுமா உனக்கு?” என்று. ஆடினது ஒருத்தன், பதினேழு வருஷமாகப் பெருமை அடித்துக்கொள்வது இன்னொருத்தன்.

அறுபத்து ஏழில் நடந்தது அது. அம்பத்தூர்ப் பக்கத்தில் ஸ்பிரிங் செய்கிற கம்பெனி. அந்த ஒரு இடத்தில்தான் நாகப்பனை சீசன் முழுக்க வைத்துக்கொள்ளாமல் ஃபைனலுக்கு மட்டும் கூப்பிட்டார்கள். அங்கே ஸ்போர்ட்ஸ் செக்ரடரி நடேசன். “வரதராஜுலுன்னு ஒருத்தன். சும்மா லிஸ்ட்ல பேருக்கு இருக்கான்,” என்று சொல்லித்தான் டோக்கனைக் கொடுத்தார். நாகப்பன் அந்த மனிதரைப் பார்த்தது டோக்கன் கைமாறிய அரை நிமிஷம் மட்டுமே.

வியாழக்கிழமை மத்தியானம் ஒரகடம் வழியாகப் போகிற பஸ்ஸைப் பிடித்துப் படப்பையில் இறங்கினான். வாடகை சைக்கிள் கடை. ஸ்பிரிங் கம்பெனியை இழுத்து மூடியபின் வரதராஜுலு போட்ட கடை அது. முன்னால் ஏழெட்டு சைக்கிள்கள் நம்பர் எழுதி நின்றன. உள்ளே ஆணியில் சர்டிபிகேட், கண்ணாடிக்கு நடுவில் ஒரு குங்குமப் பொட்டு வேறு.

டயருக்குக் காற்றடிக்க வந்த ஆளிடம் வரதராஜுலு சொல்லிக்கொண்டிருந்தார். “அஞ்சாவது கேமு. பதினாலுக்குப் பதிமூணு நாங்க. பந்து எங்கிட்ட வருது. எல்லாரும் இன்னா நெனைக்கறான்? ஸ்மாஷருக்குத் தூக்கிக் குடுப்பான்னு நெனைக்கறான். மூணு பேரு அவனத் தடுக்க எகிர்றான். நான் திரும்பிக்கூடப் பாக்கல. எடக் கையால அப்டியே நைசா அந்தாண்ட தள்ளிட்டேன்.”

நாகப்பனுக்குக் காது சுட்டது. பஸ்ஸில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பணிவான பேச்சையெல்லாம் அங்கேயே மறந்தான். ஒன்றும் பேசாமல் இடது கையைக் கல்லாப் பலகையின் மேல் வைத்தான். வரதராஜுலு அந்த வளைந்த விரலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். காற்றடிக்கிற பம்பை வந்தவன் கையிலேயே கொடுத்து, “நீயே அட்ச்சினு போப்பா, துட்டு வேணாம்,” என்றார்.

அவன் போகும்வரை இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஒக்காரு நாகப்பா.”

“ஒக்கார வரல. எனக்கு ஒரு வேல வருது அண்ணே. பர்மனென்ட்டு. அதுக்கு அந்தக் காயிதம் வேணும்.” ஆள்காட்டி விரலால் ஆணியைக் காட்டினான். “நாளைக்குக் குடுக்கணும். அத ஆடினது நானுதான். உனக்கே தெரியும்.”

வரதராஜுலு மறுக்கவில்லை. கோபப்படவும் இல்லை. கிரீஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். கை சுத்தமான பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உன்ன இட்டுனு வர்றதுக்கு முன்னாடி அந்த டீமுக்கு யாரு லிஃப்டருன்னு நெனச்ச?”

“யாரு?”

“நான்தான்.”

நாகப்பன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“ஃபைனல் வரிக்கும் எல்லா மேட்ச்சும் நான்தான் ஆடினேன். நல்லாத்தான் ஆடினேன். உன் அளவுக்கு இல்ல, அத நான் ஒத்துக்கறேன். ஃபைனல் அன்னிக்குக் காலீல நடேசன் சாரு கூப்ட்டு, ‘டோக்கனக் குடு’ன்னாரு. ‘உன் வேலைக்கு ஒரு கொறையும் வராது, நீ வேன்லயே இரு, வெளிய தல காட்டாத’ன்னாரு. வேனுக்குப் படுதாவ எறக்கிக் கட்டிட்டாங்க. உள்ள ஒரே புழுக்கம்.”

“எனக்கு இது தெரியாது அண்ணே. பேருக்கு லிஸ்ட்ல கீறேன்னுதான் சொன்னாங்க.”

“உனக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் இத்தினி வருசம் உம்மேல கோவமே வரல.” துணியை மடித்து வைத்தார். “உள்ளேர்ந்து எல்லாம் கேக்குது. அம்பயர் பேர் கூப்புடறாரு. ‘வரதராஜுலு’ன்னாரு. என் கை தானா மேல போச்சு நாகப்பா. வேனுக்குள்ள. இருட்டுல. யாரு பாக்கறாங்க அங்க? நானே இந்தக் கையால அந்தக் கையப் புடிச்சி எறக்கினேன்.”

ரோட்டில் ஒரு லாரி செங்கல் ஏற்றிக்கொண்டு போனது. அதன் தூசு அடங்குகிறவரை அவர் நிறுத்தினார்.

“அப்பறம் கடசீல ஜனம் எல்லாம் எம்பேர சொல்லிக் கத்துது. ரெண்டாயிரம் பேரு இருப்பாங்களா? எம்பேரு. நான் படுதாக்குள்ள ஒக்காந்துகினு இருக்கேன். இன்னா ஆச்சு, எப்டி ஜெயிச்சோம்னு கூடத் தெரியல. மறுநாள்தான் பசங்க சொன்னானுங்க. ஒருத்தன் எடக் கைன்றான், ஒருத்தன் வலக் கைன்றான். எடக் கைன்னு வெச்சிகினேன். அது கொஞ்சம் நல்லா கீது கேக்கறதுக்கு.” முதல் தடவையாக நாகப்பனை நேராகப் பார்த்தார். “நீ சொல்லு. எந்தக் கை?”

நாகப்பன் இதை யாரிடமும் சொன்னதில்லை. இடது கைதான். ஆனால் தந்திரமும் இல்லை, மண்ணும் இல்லை. அதற்கு முந்தைய பந்தில்தான் நடுவிரல் ஒடிந்தது. கடைசிப் பந்தை ஸ்மாஷருக்குத் தூக்கத்தான் போனான். விரல் வேலை செய்யவில்லை. பந்து வழுக்கி, நெட்டைத் தாண்டித் தானாக அந்தப் பக்கம் விழுந்தது. வலியில் கண்ணை மூடிக்கொண்டவன், கூட்டம் கத்தியபோதுதான் திறந்தான். அவன் வாழ்க்கையின் பெரிய பாயிண்ட் அவன் பார்க்காமல் விழுந்தது.

“எடக் கைதான் அண்ணே,” என்றான். “பாத்துத்தான் போட்டேன். நீ சொல்றாப்பலியே.”

அந்தப் பொய்யை வரதராஜுலுவுக்காகச் சொன்னானா, தனக்காகச் சொன்னானா என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. ஆனால் வரதராஜுலு முகம் தெளிந்தது. தலையை ஆட்டிக்கொண்டார். எழுந்து இன்னொரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சட்டத்தை ஆணியிலிருந்து கழற்றினார்.

உள்ளே இருந்து அவர் மனைவி சாரதா காபியோடு வந்தாள். வெறும் ஆணியைப் பார்த்தாள். “அத ஏன் கயட்றீங்க?”

“கண்ணாடி அழுக்காகீது. தொடைக்கணும்.”

அவள் வந்தவனையும் சட்டத்தையும் பார்த்துவிட்டு, காபியை வைத்துவிட்டு உள்ளே போனாள். வரதராஜுலு பின்பக்கத்து அட்டையை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி, காகிதத்தை வெளியே எடுத்தார். வெளிச்சம் படாத ஓரம் மட்டும் வெள்ளையாக இருந்தது. நடுவெல்லாம் மஞ்சளாகிவிட்டிருந்தது. நாலாக மடிக்கப் போனவர், மடிக்காமல் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டுக் கொடுத்தார்.

“எனக்கு இன்னாத்துக்கு இனிமே. கதைய நான் எப்பிடியும் சொல்லலாம்.” காலிச் சட்டத்தைத் திரும்ப ஆணியில் மாட்டினார். “ஒண்ணே ஒண்ணு. உன் டீமுக்கு மேட்ச்சுன்னா சொல்லி அனுப்பு. இந்தத் தபா வெளிய நின்னு பாக்கறேன்.”

“வா அண்ணே,” என்றான் நாகப்பன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. சுருட்டிய காகிதத்தைக் கசங்காமல் மடியில் வைத்துக்கொண்டான். அந்த மனிதருக்கு வாழ்க்கையில் கிடைத்தது இது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு போகிறோம் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. இறங்கித் திரும்பிப் போய்க் கொடுத்துவிடலாம் என்று ஒரகடம் கூட்டு ரோடு வருவதற்குள் இரண்டு தரம் தோன்றியது. இரண்டு தரமும் முழங்கால் குடைந்தது. இதை விட்டால் இனி ஒரு காகிதம் வரப்போவதில்லை, இன்னும் பத்து வருஷம் தோட்டக் கூலியாக நிற்க இந்தக் காலில் தெம்பும் இல்லை. மூன்றாம் தரம் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்ரீபெரும்புதூரில் நோட்டரி முன்னால் இரண்டு பெயரிலும் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். ‘நாகப்பன்’ என்பதை எழுத்தெழுத்தாகப் போட்டான். ‘வரதராஜுலு’ என்பதை ஒரே வீச்சில் போட்டான். பதினேழு வருஷத்துக்கு முன்னால் பஸ்ஸில் பழகிய கையெழுத்து, கடைசியில் இழுக்கிற சுழியோடு அப்படியே வந்தது. தேவநாதன் அதைப் பார்த்தார், காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு மாதம் கழித்து ஆர்டர் வந்தது. நாகப்பன் எழுத்துக் கூட்டிப் படித்தான். பிறகு இன்னொரு தடவை படித்தான்.

“சார், இதுல ‘வரதராஜுலு’ன்னு மட்டும்தான் கீது.”

“ஃபைல்ல ரெண்டு பேரும் இருக்கு. ஆர்டர்ல ரெண்டையும் அடிச்சா ஹெட் ஆபீஸ்ல கேள்வி கேப்பாங்க. சர்டிபிகேட்ல என்ன பேரோ அதுதான் மஸ்டர்ல ஏறும். பேர்ல என்ன நாகப்பன், பத்து வருஷம் வேலை. கையெழுத்துப் போடுங்க.”

போட்டான். சுழியோடு போட்டான். இருபத்தெட்டு வருஷம் கழித்து அவன் மஸ்டரில் ஏறினான். ஏறியது அவன் பெயர் இல்லை.

கன்னியம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. அவன்தான் படித்துக் காட்டினான். அந்தப் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று கேட்டு, அவள் அதை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“நாளிக்கே உனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அந்த ஆபீசுல போயி நான் யாரு பொண்டாட்டின்னு சொல்றது?”

பிறகு அவளே சொன்னாள். “சரி வுடு. பர்மனென்ட்டுதானே? அது போதும்.” காகிதத்தை வாங்கிப் பெட்டியில், அவள் கல்யாணப் புடவைக்கு அடியில் வைத்தாள்.

லீக் முதல் மேட்ச் புரட்டாசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், அவர்கள் கிரவுண்டிலேயே நடந்தது. தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். மேனேஜரும் தேவநாதனும் முன்வரிசை நாற்காலியில் இருந்தார்கள். நாகப்பனுக்குப் புதுசாக வெள்ளை பேண்ட், கழுத்தில் விசில். சுற்றிலும் கட்டிய மூங்கில் தடுப்புக்குப் பின்னால் தண்டலம், பிள்ளைப்பாக்கம் ஆட்கள் நெருக்கி நின்றார்கள். வரதராஜுலுவுக்கு அவன் சொல்லி அனுப்பவில்லை. சொல்ல வேண்டும் என்று தினமும் நினைத்தான். இந்த வாரம் வேண்டாம் என்று தினமும் தள்ளிப் போட்டான். அதில் அவனுக்குக் கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

விதிப்படி அம்பயர் முதலில் கோச் பெயரைக் கூப்பிட்டார்.

“வரதராஜுலு.”

கை தானாக மேலே போனது. இருபது வருஷப் பழக்கம், யோசிக்க வேண்டியதே இல்லை. அம்பயர் லிஸ்ட்டிலிருந்து தலையைத் தூக்கினார். அவர் பார்வை நாகப்பன் மேல் ஒரு கணம் நின்று, அப்புறம் அவனுக்குப் பின்னால் போனது. நாகப்பன் திரும்பினான்.

மூங்கில் தடுப்புக்கு அந்தப் பக்கம், நம்பர் எழுதிய வாடகை சைக்கிள் ஒன்றைப் பிடித்தபடி, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வரதராஜுலு நின்றிருந்தார். யார் சொல்லி வந்தாரோ. அவர் கையும் மேலே இருந்தது.

“யாருப்பா கோச்சு?” என்றார் அம்பயர்.

தேவநாதன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். மேனேஜர் என்ன விஷயம் என்று அவரைப் பார்த்தார். கையைக் கீழே இறக்கினால் போதும் என்று நாகப்பனுக்குத் தெரிந்தது. வேனுக்குள் இருந்த மனிதருக்கு ஒரே ஒரு தடவை, வெளிச்சத்தில், ஜனத்துக்கு முன்னால் அவர் பெயரைக் கொடுத்துவிடலாம். அதற்கு மேல் அவரும் எதையும் கேட்கப்போவதில்லை. நாகப்பன் அவர் முகத்தைப் பார்த்தான்.

அவன் கையை இறக்கவில்லை.

வரதராஜுலுவுக்குப் புரிந்துவிட்டது. தூக்கின கையை மெல்லக் கீழே கொண்டுவந்து, அதற்காகவே தூக்கினவர் போலப் பின்மண்டையைச் சொறிந்துகொண்டார். பக்கத்தில் நின்றவன் ஏதோ கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். பிறகு இரண்டு கையையும் சைக்கிள் ஹேண்டில்பாரில் வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

அம்பயர் லிஸ்ட்டில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.